பிரேக் மாஸ்டரும் ரிவர்ஸ் வராத டாக்டரும்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர்களுக்கு, ஓட்டுகிறவரின் பக்கத்து இருக்கையின் காலடியில் தனியாக ஒரு பிரேக் வைத்திருப்பார்கள். பாதி ஆயுளை அந்த பிரேக்கின்மேல் காலை வைத்தே கழித்ததால் இந்த டிரைவிங் மாஸ்டரை எல்லோரும் பிரேக் மாஸ்டர் என்றே கூப்பிட்டார்கள். வீட்டில் சோபாவில் உட்கார்ந்து டிவி பார்க்கும்போதுகூட, அதில் ஒரு கார் கொஞ்சம் வேகமாகப் போனால் அவருடைய வலது கால் தன்னால் தரையை அழுத்தும். மனைவி சூடான பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு சமையலறையிலிருந்து வேகமாக வந்தாலும் அழுத்தும்.

மாஸ்டர் கனத்த ஆள். கனம் என்றால், அவர் ஏறி உட்கார்ந்ததும் கார் பெருமூச்சு விட்டு அவர் பக்கம் சாய்ந்துவிடும். அவரிடம் கற்றுக்கொண்டவர்கள் எல்லோரும் அந்தச் சாய்வுக்கே பழகியவர்கள். ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் எதிர்ப்பக்கம் இழுத்துப் பிடித்தால்தான் வண்டி நேராகப் போகும் என்று நம்பினார்கள். லைசென்ஸ் டெஸ்ட்டுக்கு வரும் அதிகாரி ஒல்லியாக இருந்துவிட்டால் தொலைந்தது. வண்டி வேலியைப் பார்த்துப் போகும். "அவர்கிட்ட கத்துக்கிட்டா டெஸ்ட்டுக்கும் அவரையே கூட்டிட்டுப் போகணும்" என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. மாஸ்டர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

அவரிடம் கடைசியாக வந்து சேர்ந்த மாணவி ஒரு டாக்டர். பெரிய ஆஸ்பத்திரியில் வேலை என்பதற்கு மேல் மாஸ்டர் விசாரித்ததில்லை. ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்த அந்த அம்மாளுக்கு, ஸ்டீயரிங்கைத் தொட்டதும் கை வெடவெடவென்று ஆடும். நேராகப் போகச் சொன்னால் போவார். திரும்பச் சொன்னால் கண்ணை மூடிக்கொள்வார். ரிவர்ஸ் என்ற வார்த்தையைக் கேட்டாலே கதவைத் திறந்து இறங்கப் பார்ப்பார்.

ஒருநாள் சாயங்காலம் மாஸ்டர் அவரிடம், "நான் சொல்ற வரைக்கும் நேரா போங்க டாக்டரம்மா" என்று சொல்லிவிட்டு இருக்கையில் சாய்ந்தார். சாய்ந்தவர் தூங்கிப்போனார். அந்த நாட்களில் அவருக்கு எங்கே உட்கார்ந்தாலும் தூக்கம் வந்தது. முடிவெட்டும் நாற்காலியில் வந்தது. துணிக்கடையில், சட்டை போட்டுப் பார்க்கும் அறைக்குள் நின்றபடியே வந்தது.

கண் விழித்தபோது எதிரே தண்ணீர் தெரிந்தது. கார் ஓர் ஏரிக்கரையில் நின்றிருந்தது. பக்கத்தில் ஒருவன் படகைக் கழுவிக்கொண்டிருந்தான். டாக்டரம்மா ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எந்த ஊரு?" என்றார் மாஸ்டர்.

"தெரியல மாஸ்டர். நீங்க ஒண்ணும் சொல்லலையே. நேரா வந்துட்டேன். நல்ல வேளை, ஏரி வந்துச்சு."

"என்னை எழுப்ப வேண்டியதுதானே?"

"எழுப்பலாம்னுதான் பார்த்தேன். அதுக்குள்ள உங்க குறட்டை நடுவுல நின்னுபோச்சு. குறட்டை மட்டும் இல்ல, மூச்சே நின்னுபோச்சு. அப்புறம் ஒரு உறுமல் உறுமிட்டுத் திரும்ப ஆரம்பிச்சீங்க. அது மறுபடி மறுபடி நடந்துச்சு. ஓட்டிக்கிட்டே அதைக் கவனிச்சுட்டு வந்தேன். மாஸ்டர், இது விளையாட்டு இல்ல. நாளைக்கே ஆஸ்பத்திரிக்கு வாங்க."

மாஸ்டர் இறங்கிச் சுற்றி வந்து, காரை ஏரிக்கரையிலிருந்து தானே ரிவர்ஸ் எடுத்தார். கற்றுக்கொடுக்க வந்தவன் தூங்க, கற்றுக்கொள்ள வந்தவர் ஊர் தாண்டி வந்திருக்கிறார் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. குறுக்கே யாராவது வந்திருந்தால்? கால் பிரேக்கின்மேல் இருந்திருக்குமே தவிர, கண் திறந்திருக்காது. வீடு வரும்வரை அவரே ஓட்டினார்.

ஆஸ்பத்திரியில் அவரைத் தூங்க வைத்துப் பார்த்தார்கள். இரவில் மூக்கில் மாட்டிக்கொள்ள ஒரு காற்று மெஷின் கொடுத்தார்கள். பகல் தூக்கம் அன்றோடு போனது. அதற்குப் பிறகுதான் அவர் மறுபடி பாடம் எடுக்கவே போனார். வீட்டில் குறட்டை நின்றது. ஆனால் அந்த அமைதி பழக்கமில்லாமல் அவர் மனைவிக்குத் தூக்கம் போனது. மெஷின் தற்காலிகத் துணைதான், உடம்பு இளைத்தாக வேண்டும், இந்த எடைக்கு வயிற்றைச் சிறிதாக்கும் ஆபரேஷன்தான் சரி என்றார் சர்ஜன். பத்தியம், நடை, பட்டினி எல்லாவற்றையும் மாஸ்டர் ஏற்கெனவே முயன்றிருந்தார். இளைப்பார், போன சதை போன வழியே கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு திரும்பிவரும். அதனால் "சரிங்க, பண்ணிடலாம்" என்று அங்கேயே வீரமாகச் சொல்லிவிட்டார். படியிறங்கித் தெருவுக்கு வருவதற்குள் வீரம் வடிந்துவிட்டது.

இந்த நேரம் பார்த்துத்தான் மைத்துனன் வந்து சேர்ந்தான். மனைவியின் தம்பி. மெத்தைக் கடை வைத்திருந்தான். கடையில் கூட்டமில்லாத நேரத்தில் மெத்தையில் படுத்துப் போனில் வீடியோ பார்ப்பதும், பார்த்ததை மாமாவிடம் வந்து சொல்வதும் அவன் தொழிலின் ஒரு பகுதி.

"மாமா, நல்லா இருக்கிற வயித்தை எதுக்கு வெட்டணும்? எங்கேயோ ஒருத்தருக்கு உள்ளயே கத்திரிக்கோலை வச்சுத் தச்சுட்டாங்களாம். அவர் குனிஞ்சா குத்துதாம்."

"நீ வாயை மூடுடா" என்றாள் அக்கா.

"அக்கா, நான் பயமுறுத்தல. தகவல் சொல்றேன்."

தகவல் மாஸ்டரின் மனதில் போய் உட்கார்ந்துகொண்டது. அடுத்த முறை சர்ஜனைப் பார்த்தபோது அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். சர்ஜன் ஒல்லியான, அதிகம் பேசாத மனிதர்.

"டாக்டர், கத்திரிக்கோலை எல்லாம் எண்ணுவீங்களா?"

"எண்ணுவோம். ஆரம்பிக்கும்போதும் எண்ணுவோம், முடிக்கும்போதும் எண்ணுவோம்."

"யாரு எண்ணுவா?"

"நர்ஸ்."

"அவங்களுக்குக் கணக்கு நல்லா வருமா?"

சர்ஜன் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "வரும். வேற ஏதாவது?"

"வெட்டி எடுக்கிற வயிறு எங்க போகும்?"

"பரிசோதனைக்கு லேபுக்குப் போகும்."

"அதுக்கப்புறம்?"

மனைவி அவர் முழங்கையைக் கிள்ளினாள். ஆனாலும் மாஸ்டருக்கு அது நியாயமான கேள்வியாகத்தான் பட்டது. இத்தனை வருஷம் கூடவே இருந்து, போட்டதையெல்லாம் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்ட வயிறு. அது போகிற இடத்தைக்கூட விசாரிக்காவிட்டால் என்ன மனிதன்?

உண்மையான இடி அடுத்த அறையில் காத்திருந்தது. மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர் ஆபரேஷனுக்கு முன்னால் ஒருமுறை பார்க்க வேண்டும் என்று அனுப்பினார்கள். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனால், மேஜைக்குப் பின்னால் டாக்டரம்மா உட்கார்ந்திருந்தார்.

"வாங்க மாஸ்டர், வாயைத் திறங்க."

மாஸ்டரின் வாய் ஏற்கெனவே திறந்துதான் இருந்தது.

"நீங்களா எனக்கு மயக்கம் குடுக்கப் போறீங்க?"

"ஆமா. நானே கேட்டு வாங்கிக்கிட்டேன். உங்க மூச்சைப் பத்தி இந்த ஆஸ்பத்திரியில என்னைவிட நல்லாத் தெரிஞ்சவங்க யாரு இருக்கா?"

வீட்டுக்கு வந்ததும் மாஸ்டர் செருப்பைக்கூடக் கழற்றாமல் மனைவியிடம் தன் சந்தேகத்தை விளக்கினார். தூங்க வைப்பது என்பது முன்னால் போவது. அது அந்த அம்மாளுக்கு வரும். நேராக எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போவார், ஏரி வரைக்கும்கூடப் போவார். ஆனால் தூக்கத்திலிருந்து எழுப்புவது என்பது ரிவர்ஸ். அது அவருக்கு வராது. வரவே வராது. கற்றுக்கொடுத்தவனுக்குத் தெரியாதா?

மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்பவள். நாள் முழுக்க, "இது தெரியுதா, இப்போ தெரியுதா" என்று பொறுமையாகக் கேட்டுப் பழகியவள். அன்றைக்கு அந்தப் பொறுமையும் போய்விட்டது. "உங்களுக்கு மூளைக்கும் சேர்த்து ஒரு ஆபரேஷன் பண்ணச் சொல்றேன்" என்று உள்ளே போய்விட்டாள்.

மாஸ்டர் ஒரு முடிவுக்கு வந்தார். ஆபரேஷன் தேதிக்குள் டாக்டரம்மாவுக்கு ரிவர்ஸ் கற்றுக்கொடுத்தே தீர வேண்டும்.

ஒரு சோபாக் கடையின் பின்புறம் காலி மைதானம் ஒன்று இருந்தது. அங்கே பிளாஸ்டிக் டிரம்களை வரிசையாக நிறுத்தி, நடுவில் பின்பக்கமாக வண்டியை விடச் சொன்னார். இதே நாட்களில்தான் ஆபரேஷனுக்கு முந்தைய பத்தியமும் தொடங்கியிருந்தது. தெளிந்த சூப், மோர், கஞ்சித் தண்ணீர், ஏதோ ஒரு மாவு கலந்த பானம் என்று எல்லாமே நீராகவே உள்ளே போயின. கல்லீரல் சுருங்கினால்தான் சர்ஜனுக்கு வேலை செய்ய இடம் கிடைக்குமாம். பசியில் மாஸ்டரின் குரல் மெலிந்து, கோபம் பெருத்திருந்தது.

"கண்ணாடியைப் பாருங்க. மெதுவா. இடது. இடதுன்னு சொன்னேன். அது வலது. டிரம்மு. டாக்டரம்மா, டிரம்மு."

டிரம் உருண்டு போய்ச் சோபாக் கடைச் சுவரில் முட்டி நின்றது. டாக்டரம்மா முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார்.

"எனக்கு வராது மாஸ்டர். விட்டுடுங்க."

"விட முடியாது. நீங்க இதைக் கத்துக்கறதுல என் உயிர் இருக்கு."

ஆசிரியர் ஒருவர் தன் தொழில்மேல் இவ்வளவு பக்தி வைத்திருப்பதைப் பார்த்து டாக்டரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொள்ளத் துணி ஏதாவது இருக்கிறதா என்று மாஸ்டர் பக்கம் எட்டி டேஷ்போர்டுப் பெட்டியைத் திறந்தார். உள்ளேயிருந்து கிரீம் பிஸ்கட் பாக்கெட் ஒன்று மாஸ்டர் மடியில் விழுந்தது. பாதி காலியாக இருந்தது.

மாஸ்டர் கையும் களவுமாகப் பிடிபட்டார். "அது வந்து... மாணவர்களுக்காக வச்சிருக்கிறது."

"நான்தானே இப்போ மாணவர். எனக்கு ஒண்ணுகூடக் குடுக்கலையே."

மாஸ்டர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"இதைத் தின்னுட்டு மேஜைல வந்து படுத்தீங்கன்னா, கல்லீரல் வழியை அடைச்சுட்டு நிக்கும். சர்ஜன் திறந்து பார்த்துட்டு அப்படியே மூடிட்டு வந்துடுவாரு. இவ்வளவு பட்டினியும் வீண்." சொல்லிக்கொண்டே அவர் ஒரு பிஸ்கட்டை எடுத்து வாயில் போட்டார். பிறகு இன்னொன்று. டிரம்மை இடித்த படபடப்பில் இருந்தவர், பேசி முடிப்பதற்குள் பாக்கெட்டைக் காலி செய்துவிட்டார். மாஸ்டர் ஒவ்வொரு பிஸ்கட்டும் போவதைக் கண்ணால் வழியனுப்பினார். அன்றைக்குப் பட்ட வேதனையில் அவர் அதற்குப் பிறகு பத்தியத்தை மீறவே இல்லை.

ரிவர்ஸ் மட்டும் வரவில்லை. டிரம்கள் ஒவ்வொன்றாக நசுங்கின. தேதி வந்துவிட்டது.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மதியம் மாஸ்டர் கண்ணாடிக் கடைக்குப் போய், கண் பரிசோதிக்கும் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். கடையில் வேறு யாருமில்லை. மனைவி கண்ணாடிகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"தேதியைத் தள்ளி வச்சுக்கலாமான்னு பார்க்கிறேன்" என்றார்.

"ரிவர்ஸா?"

"அது மட்டும் இல்ல." ஒரு கண்ணாடியை எடுத்து மாட்டிப் பார்த்துக் கழற்றினார். "எந்த வீட்டுக்குப் போனாலும் என்ன சொல்றாங்க? மாஸ்டர் வந்தாச்சு, இன்னொரு தட்டு எடு, இந்த வீடு களைகட்டிடுச்சுன்னு சொல்றாங்க. அந்த ஆளைக் கொண்டுபோய் லேபுல குடுத்துட்டா, மிச்சம் இருக்கிறவனை யாரு கூப்பிடுவா? அவன் எப்படி இருப்பான்னே எனக்குத் தெரியாதே. உனக்குப் பிடிக்கலைன்னா?"

மனைவி துடைப்பதை நிறுத்தவில்லை. "நம்ம வீட்டுல அந்த இன்னொரு தட்டைக் கழுவறது நான்தான். எனக்கு ஒண்ணும் நஷ்டமில்ல."

மாஸ்டர் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்ததும், துணியை வைத்துவிட்டு வந்து அவர் எதிரே உட்கார்ந்தாள். "உங்களுக்கு இப்போ ஒரு மாசமா பயம். எனக்கு எத்தனை வருஷமா தெரியுமா? நீங்க தூங்கும்போது மூச்சு நிக்கும். திரும்ப வருதான்னு படுத்துக்கிட்டே காது குடுத்துக் கேட்பேன். வரலைன்னா முதுகுல ஒண்ணு வைப்பேன். காலைல எழுந்து, 'முதுகு வலிக்குது, மெத்தை சரியில்ல'ன்னு என் தம்பியைத் திட்டுவீங்க. அவனும் பாவம், ரெண்டு தடவை மெத்தையை மாத்திக் குடுத்தான்."

மெத்தையை மாஸ்டர் மூன்றாவது முறையும் மாற்றச் சொல்லியிருந்தார்.

"இதை ஏன் நீ சொல்லவே இல்ல?"

"சொன்னா பயந்துக்குவீங்க. பயந்தா சாப்பிடுவீங்க."

மாஸ்டர் நாற்காலியிலிருந்து இறங்கினார். மனைவி கடையைப் பூட்டினாள். இருவரும் வழக்கத்தைவிட நெருங்கி நடந்து வீட்டுக்குப் போனார்கள்.

ஆபரேஷன் அறை குளிர்ந்து கிடந்தது. மேஜையில் படுக்கவைத்து எதையெதையோ ஒட்டினார்கள், மாட்டினார்கள். டாக்டரம்மா தலைமாட்டில் வந்து நின்றார். மாஸ்டர் மல்லாந்தபடி அவர் கைகளைப் பார்த்தார். அவை ஆடவில்லை. குழாயை எடுப்பதும் ஊசியைச் சரிபார்ப்பதும் மெஷினில் எதையோ திருகுவதுமாக, அந்தக் கைகள் தங்கள் வீட்டுச் சமையலறையில் நடமாடுவதுபோல நடமாடின. பார்த்துக்கொண்டிருந்த மாஸ்டருக்கே கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

"டாக்டரம்மா, அந்த ரிவர்ஸ்..."

"எதுக்கு மாஸ்டர் ஒரு மாசமா ரிவர்ஸ் ரிவர்ஸ்னு உயிரை எடுக்கறீங்க?"

மாஸ்டர் காரணத்தைச் சொன்னார். கத்திரிக்கோலை எண்ணிக்கொண்டிருந்த நர்ஸ், "ஐயோ, கணக்கு விட்டுப்போச்சு" என்று முதலிலிருந்து ஆரம்பித்தார். அதிகம் பேசாத சர்ஜன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் மட்டும் குலுங்கியது.

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு குனிந்தார். "மாஸ்டர், கார்ல நான் பயப்படறதை நீங்க பார்த்திருக்கீங்க. இங்க என் முகத்துல பயம் தெரியுதா?"

"இல்ல."

"இங்க உங்க வேலை தூங்கறது மட்டும்தான். அது உங்களுக்கு எவ்வளவு நல்லா வரும்னு நான் நேர்ல பார்த்தவ."

"வயித்துல பாலை வார்த்தீங்க" என்று சொல்ல வாயெடுத்தார் மாஸ்டர். அதற்குள் கண் செருகியது. மற்றதெல்லாம் தளர்ந்த பிறகும் வலது பாதம் மட்டும் போர்வைக்குள் எதையோ அழுத்திக்கொண்டிருந்ததாகப் பிற்பாடு நர்ஸ் சொன்னார்.

எழுந்ததைப் பற்றி மாஸ்டருக்கு எதுவும் ஞாபகமில்லை. ஆனால் பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. கண்ணைத் திறக்காமலேயே அவர், "மெதுவா, அவசரமே இல்ல, பின்னால பாருங்க, வாங்க வாங்க வாங்க, டிரம்மு, நிறுத்துங்க" என்று அதட்டிக்கொண்டே தெளிந்திருக்கிறார். டாக்டரம்மா அவர் தோளைத் தட்டி, "நிறுத்திட்டேன் மாஸ்டர், வந்து சேர்ந்துட்டோம்" என்றாராம்.

அதன் பிறகு வந்த மாதங்கள் சுலபமானவை என்று சொல்ல முடியாது. குழந்தைக்கு ஊட்டும் கரண்டியில் சில வாய் சூப் குடித்ததும், கல்யாணச் சாப்பாடு முடித்தவரைப்போல மூச்சு வாங்கியது. வயிறு போதும் என்றது. மனது இன்னும் உலையே வைக்கவில்லை என்றது. மென்று தின்ன ஆசையாக இருக்கிறது என்று கஞ்சியை மென்றார். மைத்துனன் வந்து பார்த்து, "மாமா, சட்டைக்குள்ள இன்னொருத்தருக்கு இடம் இருக்கு" என்றான். மாஸ்டர் அவனிடம் மெத்தை விஷயத்துக்கு மன்னிப்புக் கேட்டார். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் பெருந்தன்மையாக மன்னித்தான். காற்று மெஷின் ஒருநாள் ஆஸ்பத்திரிக்கே திரும்பிப் போனது. டாக்டரம்மாவுக்கு எப்படியோ லைசென்ஸ் கிடைத்தது. ஆனால் இன்றைக்கும் ஆஸ்பத்திரிக்கு விடியற்காலையிலேயே வந்து, நேராக நுழைந்து நேராக வெளியே போகக்கூடிய ஒரே இடத்தைப் பிடித்துக்கொள்கிறார்.

ஆபரேஷன் முடிந்து அரை வருஷத்துக்கு மேல் ஆன பிறகு, சர்ஜன் ஒருநாள் மாஸ்டருக்குப் போன் செய்தார். லிஃப்ட் ரிப்பேர் செய்யும் மெக்கானிக் ஒருவர், இதே ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டுப் பயந்து நடுங்குகிறாராம். வந்து இரண்டு வார்த்தை தைரியம் சொல்ல முடியுமா என்றார். மாஸ்டருக்கு உச்சி குளிர்ந்தது. சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, மனைவியையும் அழைத்துக்கொண்டு போனார்.

மெக்கானிக் மயக்க டாக்டரின் அறைக்கு வெளியே, இரண்டு நாற்காலிகளில் பரவி உட்கார்ந்திருந்தார். மாஸ்டர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, தைரியம் சொல்லத் தொடங்கினார். கத்திரிக்கோலை எண்ணுவார்கள், சில சமயம் கணக்கு விட்டுப்போகும், ஆனால் மறுபடி எண்ணுவார்கள் என்றார். வெட்டின வயிறு லேபுக்குப் போகும், அதற்கு மேல் கேட்டால் சொல்ல மாட்டார்கள் என்றார். மயக்கம் கொடுக்கிற அம்மா தங்கமானவர், அவர் ஓட்டுகிற காருக்குப் பின்னால் மட்டும் நிற்கக்கூடாது என்றார். மெக்கானிக்கின் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. மெல்ல எழுந்து வாசலைப் பார்த்தார்.

"உட்காருங்க தம்பி, இவர் இப்படித்தான்" என்று மாஸ்டரின் மனைவி அவரைத் திரும்ப உட்கார வைத்தாள்.

"சார், உங்களுக்கு பயம் எப்போ போச்சு?" என்று கேட்டார் மெக்கானிக்.

மாஸ்டர் நன்றாக யோசித்தார். "இன்னும் போகல. இப்போ முடி கொட்டுது. இந்த ஆபரேஷனுக்கு அப்புறம் கொஞ்ச நாள் கொட்டுமாம், திரும்ப வந்துடுமாம். வருமான்னு பயந்துக்கிட்டிருக்கேன்."

மெக்கானிக் குனிந்து அவருடைய உச்சந்தலையை ஒரு லிஃப்டின் மோட்டாரைப் பார்ப்பதுபோல அக்கறையாகப் பார்த்தார். "கொஞ்சம் கொட்டித்தான் இருக்கு சார்" என்றார். சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். இரண்டு நாற்காலிகளும் சேர்ந்து கிறீச்சிட்டன. மாஸ்டர் முதலில் தலையைத் தடவிக்கொண்டார். பிறகு அவரும் சிரித்தார்.

நர்ஸ் கதவைத் திறந்து கூப்பிட்டார். மெக்கானிக் எழுந்து அந்தக் கதவுவரை போய், திரும்பிப் பார்த்தார்.

"சார், நான் வெளிய வர்ற வரைக்கும் இருப்பீங்களா?"

"இருக்கேன். போங்க."

கதவு மூடியது. மனைவி போனை எடுத்து, இன்றைக்கு வர நேரமாகும் என்று கண்ணாடிக் கடைக்குச் சொல்லிவிட்டு, காலியான நாற்காலியில் உட்கார்ந்தாள்.